முறை காக்கும் பெட்டி

சீர்காழிப் பக்கம் எங்கள் ஊருக்கு அறுப்பு மெஷின் ஒன்றுதான். அடுத்து யார் வயலுக்கு என்று ஒவ்வொரு தையிலும் சண்டை வரும். அதைத் தீர்க்க ஒரு கம்பெனியின் செயலியில் முறை பதிந்தோம். போன வருஷம் பாதி அறுப்பில் அந்தக் கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. முறையெல்லாம் எங்கோ தூரத்தில் அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருந்ததாம், அதோடு போயிற்று. அப்புறமென்ன, வல்லான் வகுத்ததே வாய்க்கால். கொஞ்ச நிலமே வைத்திருக்கும் அம்சத்தின் நெல்லை எல்லாருக்கும் கடைசியில்தான் அறுத்தார்கள், பாதி கொட்டிப்போயிருந்தது.

அம்சத்தின் மகள் பூவிழிக்குச் சென்னையில் மென்பொருள் வேலை. அவள் மேய்ப்பதும் அந்த மாதிரி சர்வர்களைத்தான். அம்மாவின் நெல் வீணானது அவளுக்குப் பொறுக்கவில்லை. பொங்கலுக்கு வந்தவள் டிபன் டப்பா அளவில் பெட்டிகள் கொண்டுவந்து பத்துப் பன்னிரண்டு வீடுகளில் மாட்டினாள். முறை இனி நம் வீடுகளிலேயே இருக்கும், எந்தக் கம்பெனியும் மூட முடியாது என்றாள். மூன்று பெட்டிகளாவது ஒத்துச் சொன்னால்தான் டிரைவர் போனில் அடுத்த பெயர் வரும். அதனால் யாரும் திருத்தவும் முடியாது.

"கரண்டு போச்சுன்னா?" என்றார் நாகநாதன். ஊரில் பெரிய பண்ணை அவருடையது.

"இன்வெர்ட்டர் இருக்குற வீடா பாத்துத்தாங்க மாட்டியிருக்கேன். ரெண்டு நின்னாலும் மத்தது பாத்துக்கும். எல்லாம் ஒரே நேரத்துல நிக்காதுங்க."

படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் ஒரு பெட்டி மாட்டிக்கொண்டேன்.

அம்சத்தின் முறை வந்த அன்று கொள்ளிடம் பக்கம் கறுத்தது. மழைக்கு முன் அறுத்தால்தான் நெல் பிழைக்கும். முந்தைய வயலை முடித்துவிட்டு மெஷின் வரப்போரம் நின்றபோது முதல் இடி விழுந்தது. இடி இடித்தால் எங்கள் ஊரில் டிவி, ஃபிரிட்ஜ், மோடம் என்று கண்ணில் பட்ட பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுவோம். அன்றும் பிடுங்கினோம்.

டிரைவர் செல்லதுரை போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பெயர் வரவில்லை. தன் முறைதான் என்றார் நாகநாதன். வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பிய அம்சம், இல்லை, தன் முறை என்றார்.

"நெட்டு இல்ல போலருக்கு. பெட்டி சொல்லாம நான் என்னக்கா பண்றது?" என்று சொல்லிக்கொண்டே செல்லதுரை மெஷினை நாகநாதன் வயலில் இறக்கினார்.

மழை சாயங்காலம் வரை விடவில்லை. அம்சத்தின் மூன்று மா நிலத்து நெல்லும் தண்ணீரில் படுத்துவிட்டது. நாங்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து பூவிழி போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் அவள் குரல் பதறியது.

"அம்மா, எல்லாப் பெட்டியும் ஒண்ணா நின்னுபோச்சே, என்னாச்சு?"

"நீ பயப்படாத," என்றார் அம்சம். "மொத இடியிலயே ஓடிப்போயி நம்ம வீட்டுப் பெட்டியப் பிடுங்கிட்டேன். மத்த வீட்டுக்கெல்லாமும் போன் போட்டு நான்தான் பிடுங்கச் சொன்னேன். எம்மவ சம்பாதிச்சு வாங்குனதாச்சே. ஒரு பெட்டிக்கும் ஒண்ணும் ஆவல."