கதவில் தொங்கிய கயிறு

தடால்!

கதவு சுவரில் மோதிய வேகத்தில் அலமாரியிலிருந்த காபிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. சமையலறையில் மத்தி மீனுக்குக் கல்லுப்பு தூவிக்கொண்டிருந்த இடலினா, உப்புக் கையோடு திரும்பினாள்.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். முதுகில் அவளை மூடிவிடும் அளவுக்கு ஒரு பை. முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

"அப்பாடா! நூத்திப் பதினேழு படி! எண்ணிக்கிட்டே ஏறினேன். கயித்தை இழுத்ததும் திறந்துக்கிச்சு. நான் ஜுசாரா. என் ரூம் எதும்மா?"

பேசியது போர்த்துகீசு மொழிதான். ஆனால் பிரேசில்காரர்களுக்கே உரிய இழுவை.

"ரூமா? இது என் வீடுடி! வெளியே போ!"

"உங்க வீடா? நான் காசு கட்டியிருக்கேனே, நாலு ராத்திரிக்கு!"

ஜுசாரா போனை நீட்டினாள். இடலினா கையை மேலங்கியில் துடைத்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பார்த்ததும் காது வரை சூடேறியது. அவளுடைய சமையலறை. அவளுடைய நீலப் படுக்கை விரிப்பு. ஆற்றைப் பார்த்த அவளுடைய பால்கனி. செத்துப்போன கணவரின் படத்தை மட்டும் யாரோ கழற்றிவிட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். மேலே கொட்டை எழுத்தில், 'ஆல்ஃபாமாவில் அசல் லிஸ்பன் வீடு.'

"மெய்ரலஸ்!" என்று பல்லைக் கடித்தாள்.

மெய்ரலஸ் கட்டடத்தின் சொந்தக்காரர். முதல் மாடிக் குடும்பத்தைப் போன வருடம் கிளப்பினார். இரண்டாம் மாடியில் இப்போது வாரத்துக்கு ஒரு புது முகம். விடிந்தால் பெட்டிச் சக்கரங்கள் கருங்கல் படிகளில் தடதடக்கும் சத்தம்தான். இடலினாவை மட்டும் அசைக்க முடியவில்லை. வயது எழுபது, ஒப்பந்தமோ நாற்பத்தொரு வருடப் பழசு. அவள் அங்கே குடியிருக்கும்வரை சட்டம் அவள் பக்கம்.

"என் வீட்டையே கடையில வச்சு விக்கிறானா அந்த ஆளு? வாடி என்கூட!"

"வராம? ரெண்டு வருஷம் சூப்பர் மார்க்கெட் கல்லாவுல நின்னு சேர்த்த காசும்மா. டிராம்ல போனா செலவுன்னு ஸ்டேஷன்ல இருந்து நடந்தே வந்தேன். வெளிநாட்டுல நான் பார்க்கிற முதல் ஊரு இது. எங்க ஊரு கம்பினா கிராண்டேல இப்ப எல்லாரும் திருவிழாவுல ஆடுது, அதை விட்டுட்டு வந்திருக்கேன். என்னை ஏமாத்தினவன் மூஞ்சியை நானும் பார்க்கணும்."

இருவரும் படியிறங்கினார்கள். எதிர்வீட்டு மேல் ஜன்னலிலிருந்து எர்மெலிந்தா தலையை நீட்டினாள்.

"என்ன இடலினா, காலையில பஸ் ஏறப் போறேன்னு சொன்னே? அதுக்குள்ள பிரேசில்ல இருந்து மருமக வந்துட்டாளா?"

"வாயை மூடு! உன் கட்டில்ல எவன் படுத்திருக்கான்னு போய்ப் பாரு முதல்ல!"

பஸ் விஷயம் உண்மைதான். லக்ஸம்பர்க்கில் கட்டட வேலை பார்க்கும் மகன் ரொஜேரியோ, ரெண்டு வாரம் பேரப் பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று டிக்கெட் அனுப்பியிருந்தான். காலை ஏழு மணி பஸ், ஒன்றரை நாள் பயணம். அந்தோனியார் திருநாளுக்கு முந்தைய நாள் பார்த்து டிக்கெட் எடுத்தவனை என்ன சொல்வது? நாற்பத்தொரு வருடமாகப் படிக்கட்டில் புனிதருக்குச் சின்னப் பீடம் அலங்கரிப்பது அவள். பெட்டியைக் கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். சனிக்கிழமை பஸ்ஸில் போனால் போயிற்று. சொன்னால் கத்துவான் என்று சொல்லவில்லை.

திருப்பத்தில் அந்தப் பீடம். காகிதப் பூக்கள், மெழுகுவத்தி, நடுவில் பந்துபோல உருண்ட துளசிச் செடி. ஜுசாரா குனிந்து மூக்கை அதில் வைக்கப்போனாள்.

"ஏய்! மூக்கை வைக்காதே, செடி பட்டுப்போயிடும்! கையால தடவி, கையை மோந்து பாரு. இது கூடத் தெரியாமதான் லிஸ்பன் பார்க்க வந்தியாக்கும்!"

ஜுசாரா பயந்துபோய்க் கையை முகர்ந்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்று முணுமுணுத்தாள்.

படிக்கட்டின் அடியில் மெய்ரலஸின் கடை. வாசலெல்லாம் தக்கைப் பைகளும் தொப்பிகளும் தொங்கின. இடலினா அவற்றை விலக்கிக்கொண்டு நுழைந்தாள்.

"நான் உயிரோடதான் இருக்கேன் மெய்ரலஸ்! அதுக்குள்ள என் கட்டிலை வாடகைக்கு விட்டுட்டீரா?"

"கத்தாதீங்க தோனா இடலினா, கடையில ஆள் இருக்கு."

"இருக்கட்டும்! நல்லாக் கேட்கட்டும்! திருட்டுப் பயலே!"

மெய்ரலஸ் போனை வாங்கிப் பொறுமையாகத் தள்ளித் தள்ளிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்பைப் பார்த்து இடலினாவுக்கு உள்ளங்கை அரித்தது.

"இது என் வேலை இல்லை. நான் உங்க வாசல்படி தாண்டி இருபது வருஷம் ஆச்சு, நீங்கதான் விட்டதில்லையே? ஆனா ஒண்ணு. குடியிருக்கிறவங்களே உள்வாடகைக்கு விட்டா ஒப்பந்தம் செல்லாது. இதைப் போட்டது உங்க ஆளுன்னா, நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வரும்."

"என் ஆளா? எனக்கு எவன் இருக்கான் இப்படிச் செய்ய?"

"எனக்கென்ன தெரியும்? பாருங்க, எவ்வளவு விவரமா எழுதியிருக்கு." அவர் சத்தமாகப் படித்தார். "'தபால் துளையில் தொங்கும் கயிற்றை இழுக்கவும். ஈரம் இருந்தால் கதவு இறுகும். இடது முழங்காலால் கீழே ஒரு தள்ளு, மேலே அல்ல.' அங்க கயிறு தொங்குறதே எனக்கு இப்பத்தான் தெரியும்."

இடலினா அந்த வரியை எட்டிப் படித்தாள். கயிறு அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முழங்கால்? பள்ளிக்கூடப் பையும் கையுமாக வந்து, இடது முழங்காலால் அந்தக் கதவை இடித்துக்கொண்டு நுழைந்தவன் ஒருவன்தான். கீழ்ப்பலகையில் பெயிண்ட் போன இடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

போன ஈஸ்டருக்கு வந்தபோது, பிள்ளைகளுக்குக் காட்ட என்று அறை அறையாகப் படம் எடுத்தானே.

"அதுல நம்பர் இருக்கா?" இடலினா போனைப் பிடுங்கி ஜுசாராவிடம் கொடுத்தாள்.

"இருக்கும்மா."

"போடு. சத்தமா வை. நான் இருக்கேன்னு சொல்லாதே. அந்த வீட்டுச் சாமானெல்லாம் யாரோடதுன்னு மட்டும் கேளு."

மெய்ரலஸ் கல்லாமேல் சாய்ந்து காதைத் தீட்டினார். மணி மூன்று முறை அடித்தது.

"வாங்க வாங்க! கதவு அடம் பிடிச்சுதா?" உற்சாகமான குரல்.

ஜுசாரா இடலினாவின் முகத்தைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"இல்ல சார். ஆனா வீடு நிறைய யாரோ ஒருத்தரோட சாமான் இருக்கே? சுவரெல்லாம் சாமி படம், அடுப்பு மேல பாத்திரம்..."

"அதுவா? எங்கம்மாவோடது, அடுத்த வாரம் ஆள் விட்டு எடுத்துடுவேன். இன்னிக்குக் காலையிலதான் பஸ் ஏறினாங்க. இனிமே திரும்பி வரப்போறதில்ல, அது அவங்களுக்கு இன்னும் தெரியாது."