நாலு காலும் ஒரு கோடும்

தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள் மகள். நேராகப் பார்த்தால் ஆடு மாதிரி இருந்தது. தலைகீழாகப் பார்த்தால் மல்லாந்து கிடக்கும் ஆடு. நாலு கால், மேலே ஒரு கோடு, ஒரு முனையில் தலை மாதிரி ஏதோ தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் தனியாக ஒரு குச்சி.

"ஆடா அப்பா?"

"குடை," என்றார் அப்பா, கட்டிலில் சாய்ந்தபடி.

பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் வாரிக்கொண்டு போனபோது, என்ன நினைத்ததோ, அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. தண்ணீருக்கும் குடை, வலிக்கும் குடை, வேண்டாம் என்பதற்கும் குடை. முதல் நாள் சித்தப்பா ஓடிப்போய் நிஜமாகவே ஒரு குடையைக் கொண்டுவந்து நீட்டினார். ஒரு சொல் இடம் மாறினால்கூட அச்சகத்துக்குப் போய்ச் சண்டை பிடிக்கிற எழுத்தாளர், அந்தக் குடையைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு அழுதார்.

அதனால்தான் மகள் அவருடைய இடது கையில் பென்சிலைக் கொடுத்தாள். கொடுக்கும்போது கொஞ்சம் குறும்பும் இருந்தது. அவள் புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைகிறவள். யார் யார் எழுதியதற்கோ வரைந்திருக்கிறாள், அப்பாவின் புத்தகம் ஒன்றுக்கும் வரைந்ததில்லை. அவர் யாரையும் வரைய விட்டதில்லை. வெற்று அட்டை, தலைப்பு, பெயர், அவ்வளவுதான். "நான் மரம்னு எழுதினா படிக்கிறவங்க ஆளுக்கொரு மரத்தைப் பார்ப்பாங்க. நீ வரைஞ்சா எல்லாருக்கும் ஒரே மரம். மத்த மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்ச்சிட்டு நிக்கறே நீ," என்பார். அவளைக் கூப்பிடுவதே 'கிறுக்கி' என்றுதான். ஆசையாகத்தான் கூப்பிடுவார். ஆனாலும் அது அவளுக்குள் ஒரு மூலையில் குத்திக்கொண்டே இருந்தது.

டாக்டர் நேற்றே கையை விரித்துவிட்டார், இன்றோ நாளையோ என்று. அப்பாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். காலையிலிருந்து அந்த நாலு காலையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். எதையோ சொல்லிவிட்டுப் போகத் துடிக்கிறார், அதைப் புரிந்துகொள்ளாமலே அனுப்பிவிடுவோமோ என்று மகள் பயந்தாள்.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "மேசை. அண்ணன் எழுதற மேசை. உசிரே அதுல தானே இருக்கு."

"குடை!"

"கட்டிலா? வேற கட்டில் வேணுமாண்ணே?"

"குடை! குடை!"

அம்மா பால் கிண்ணத்தோடு வந்து, நின்றபடியே எட்டிப் பார்த்தாள். "நாய்தான். பழைய வீட்ல ஒண்ணு நம்ம காலையே சுத்திக்கிட்டு இருந்துதே. பாவம், அதை நினைச்சுக்கிட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலையணையைச் சரிசெய்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆளுக்கு ஒண்ணு தெரியுது பாருங்கப்பா. நீங்க ஆசைப்பட்ட மாதிரியே வரைஞ்சிருக்கீங்க."

அப்பாவின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. பிறகு தாளை அவள் பக்கம் தள்ளினார். பென்சிலை அவள் விரல்களுக்குள் திணித்தார்.

"குடை," என்றார், மெதுவாக.

நீ வரை என்கிறார். அந்தக் குடை மட்டும் அவளுக்கு உடனே புரிந்தது. இத்தனை வருஷம் காத்திருந்தது இப்படியா வர வேண்டும்? மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரைய ஆரம்பித்தாள்.

நாலு கால் போட்டாள். தலை என்று நினைத்ததை மேலே நீட்டினாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். அது தலை இல்லை, முதுகு.

"நாற்காலி! நாற்காலியாப்பா?"

ஆமாம். ஆனால் ஏதோ ஒரு நாற்காலி போதவில்லை அவருக்கு. அவள் கைப்பிடி வைத்தாள், வேண்டாம் என்றார். அழித்தாள். சமையலறை வாசலில் கிடக்குமே, முதுகுச் சட்டம் ஒன்று உடைந்து, துணி மடித்துப் போட மட்டும் பயன்படுகிற நாற்காலி, அதை வரைந்தாள். அது சரி. அந்தக் குச்சியைத் தட்டிக் காட்டினார்.

"இது யாரு? நானா?"

இல்லை. அவள் குச்சிக்கு ஒரு கொண்டை வைத்தாள், தோளில் ஒரு துவாலை போட்டாள். அப்பா விரலை அதன்மேல் அழுத்தி, தாளோடு தேய்த்து, நாற்காலி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். கரி இழுகிக்கொண்டு வந்தது. மகள் நிற்கும் உருவத்தை அழித்துவிட்டு, அதே உருவத்தை உட்கார வைத்தாள். முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் சும்மா மடியில் போட்டாள். அப்பா கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டார்.

"அம்மா, இங்க வாங்க."

"இரு, துணியை எடுத்துட்டு வந்துடறேன்."

"துணி கிடக்கட்டும். வாங்கம்மா."

அம்மா வந்து படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "நானா? நான் உக்காரணுமா? இதுக்கா காலைலேர்ந்து இந்த ஆர்ப்பாட்டம்?" குரல் உடைந்தது. "எவ்வளவு எழுதிக் குவிச்சாரு இந்த மனுஷன். கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து உக்காருன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல."

சித்தப்பா போய், துணிகளை எடுத்து வைத்துவிட்டு, அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலோரம் போட்டார். அம்மா யாரோ வீட்டில் உட்காருவது போல நுனியில் உட்கார்ந்தாள். "பால் ஆறிடும்," என்றாள். "வீடு வேற போட்டது போட்டபடி கிடக்கு," என்றாள். அப்பாவின் இடது கை அவள் முழங்காலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக அம்மா பின்னால் சாய்ந்தாள்.

பிற்பகலில் அவர் மூச்சு நின்றது. அம்மாதான் முதலில் தெரிந்துகொண்டாள். உடனே சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. பெயர் பெற்ற எழுத்தாளர்கள் வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, வந்தவர்களுக்குக் காப்பி போட அடுப்பில் பாலை ஏற்றினாள். அப்பாவை எடுத்துப் போகிறவர்கள் வந்தபோது அந்தச் சின்ன அறையில் வழி போதவில்லை.

"அம்மாவைக் கொஞ்சம் எழுப்பி அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்க," என்றார் ஒருவர்.

அம்மா மகளைப் பார்த்தாள்.

"அவங்க உக்காந்திருக்கட்டும்," என்றாள் மகள். "நீங்க சுத்திப் போங்க."

அவர்கள் அலமாரியை நகர்த்தினார்கள், கதவைக் கழற்றினார்கள், அம்மாவைச் சுற்றிக்கொண்டு அப்பாவைத் தூக்கிப் போனார்கள். சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. தீய்ந்த வாசனை அறைக்கே வந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.