கேரியர் வைத்த பந்தய சைக்கிள்

கீ...ய்ய்ய்ச்!

பிரேக் போட்ட அலறலில் கிளியம்மாளின் ஒப்பாரி பாதியில் நின்றது. ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த வடக்குப்பட்டு ஊர் மொத்தமும் வாசலைத் திரும்பிப் பார்த்தது.

வாசலில் ஜெபகுமார் சைக்கிளோடு நின்றான். தலையில் ஹெல்மெட், கண்ணில் ஆரஞ்சுக் கண்ணாடி, தொடையைக் கவ்விப் பிடித்த கறுப்பு டவுசர். நைட் ஷிஃப்ட்டும் அதற்கு மேல் ஓ.டி.யும் முடித்து லாக்கரைத் திறந்து போனை எடுத்தால், மனைவி ஐஸ்வர்யாவிடமிருந்து பதினேழு மிஸ்டு கால். மாமனார் ரகுபதி விடியற்காலையிலேயே போய்விட்டார். வீட்டுக்குப் போய் மாற்றாமல், சைக்கிள் ஓட்டும் உடுப்போடே மிதித்து வந்துவிட்டான்.

"யார்ரா இவன், சாவுக்கு சர்க்கஸ் டிரெஸ்ல வந்துகீறான்?" என்று எழுந்தார் முனிரத்தினம். மாமியார் செங்கமலத்தின் அண்ணன்.

"மாமா, அவரு என் வூட்டுக்காரரு" என்றாள் ஐஸ்வர்யா, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து.

"தெரியும், தெரியும். நீ பெத்த பொண்ணு, உள்ள வந்துட்ட. இவன் படி தாண்டக் கூடாது. இவனோட ரேஸ் வுட்டு வுட்டுத்தான் மச்சானுக்கு நெஞ்சு நின்னு போச்சு!"

ஜெபகுமார் ஹெல்மெட்டைக் கழற்றினான். வழி முழுக்க அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தான்.

மூன்று வருடத்துக்கு முன் ஐஸ்வர்யாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து ரகுபதி அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தினமும் காலை ஐந்தரை மணிக்கு ஏரிக்கரையில் அவனோடு ரேஸ் விட்டார்.

ஜெபகுமாருடையது கிராவல் பைக். ஆட்டுக்கடாக் கொம்புபோல வளைந்த ஹேண்டில் பார், தடித்த டயர். தார் ரோடு, செம்மண், ஜல்லி எதிலும் வேகம் குறையாது. ஒருநாள் மொபெட்டில் பின்னால் வந்த ரகுபதி, பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனவனின் மிதிவண்டிக்குப் பின்னாலேயா போவது என்று முறுக்கினார். ஜல்லியில் மொபெட் சறுக்கி, ஆளோடு கோரைப்புல்லில் போய் உட்கார்ந்தது. ஜெபகுமார் நீட்டிய கையைப் பார்க்காததுபோல் எழுந்து, சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் அதே மாடல், அதே நீலத்தில், ஒரு சைஸ் பெரிய சைக்கிளோடு வந்தார். ஸ்டாண்ட் இல்லாத வண்டி என்ன வண்டி என்று ஸ்டாண்ட் வைத்தார். கேரியர் வைத்தார். பெல் மாட்டினார். எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். கிராம் கணக்கில் எடை குறைத்துச் செய்த வண்டியில் மனிதர் இப்படிக் குடித்தனம் வைக்கிறாரே என்று ஜெபகுமாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அத்தனை சுமையோடும் அவனை முந்தினார். முந்தும்போது ஒரே ஒரு 'ட்ரிங்'.

அதனால் மாமனாரின் முதுகு அவனுக்கு நன்றாகத் தெரியும். முகத்தைத்தான் நின்று பார்த்ததில்லை. இன்றைக்காவது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

"நேத்து வூட்டுக்கு வந்தப்பவே மூஞ்சி தொங்கிப் போயிருந்துச்சு, நான் பாத்தேன்" என்று முனிரத்தினம் கூட்டத்துக்குச் சொன்னார். நேத்தா என்று ஜெபகுமார் நிமிர்ந்து பார்த்தான்.

கிளியம்மாள் விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

"ஏரிக்கரை மேல ராசா ஏறி மிதிச்சுப் போனீயே! எதிர்க்காத்து தோத்துப்போச்சே, எமன் மட்டும் முந்தினானே!"

அப்போது முனிரத்தினத்தின் போன் அடித்தது. பேசப் பேச அவர் முகம் மாறியது.

"போச்சுடா! சங்கு ஊதுற டில்லிபாபு ஒரகடம் பாலத்துக்குக் கீழ மாட்டிக்கினாராம். கன்டெய்னர் லாரி குறுக்க நின்னுக்கினு கீதாம். பைக்கு கூட நகரலையாம். மூணு மணிக்கு ராகு காலம். சங்கு இல்லாம எப்படித் தூக்கறது?"

மணி இரண்டு. எல்லோரும் ஜெபகுமாரின் சைக்கிளைப் பார்த்தார்கள். முனிரத்தினம் ஷாமியானாவின் கூரையைப் பார்த்தார்.

"அந்த சைக்கிளு போவுமா?" என்று கூரையைக் கேட்டார்.

"ஏரிக்கரை மேலயே போயிடலாம். ஆனா இதுல ரெண்டு பேரு உக்கார முடியாது. மாமா சைக்கிள்ல கேரியர் கீது."

உள்ளேயிருந்து செங்கமலம் எழுந்தாள். பின்கட்டுக்குப் போனவள் நீலச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, அவன் முன்னால் ஸ்டாண்ட் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

சீட் உயரம். கால்விரல் நுனிதான் பெடலை எட்டியது. ஆனாலும் வண்டி பறந்தது. ஹாரன் அடித்துக் களைத்த லாரிகளுக்கு நடுவே, பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார் டில்லிபாபு. அவரைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் ஜல்லியில் இறங்கினான்.

"யோவ், மெதுவாய்யா! கொடலு வாய்க்கு வருது!"

"சங்கை கெட்டியாப் புடிச்சுக்கண்ணே."

"சங்கைப் புடிச்சா உன்னை எவன் புடிக்கறது?"

கரையின் நடுவில் எருமைகள் படுத்திருந்தன. பெல் அடித்தான். ஒன்றும் காதில் வாங்கவில்லை. டில்லிபாபு சங்கை எடுத்து ஊதினார். எருமைகள் அலறிப் புடைத்து ஏரிக்குள் இறங்கின. எதிரே கம்பெனி கேட்டில் நின்ற இரண்டு செக்யூரிட்டிகள் தொப்பியைக் கழற்றி, பிணத்தைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

இரண்டு நாற்பதுக்கு வீட்டு வாசல். டில்லிபாபு காலை அகட்டி அகட்டி நடந்து வந்து நாற்காலியில் விழுந்தார்.

"இன்னும் ரெண்டு மைலு இருந்திருந்தா எனக்கு ஊத ஆளு தேடியிருப்பீங்க."

முனிரத்தினத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு, அழுவதுபோல் குலுங்கினார். அடங்கியதும் ஐஸ்வர்யாவிடம் திரும்பினார்.

"அந்த டவுசருக்கு மேல எதையாவது கட்டிக்கினு உள்ள வரச் சொல்லு. நேரமாவுது."

கொடியில் கிடந்த வேட்டியை ஐஸ்வர்யா எடுத்துக் கொடுத்தாள். சுற்றிக்கொண்டு ஜெபகுமார் படியேறினான்.

கண்ணாடிக்குள் ரகுபதி படுத்திருந்தார். அந்த அகலமான முதுகுக்கு இந்த முகம் கொஞ்சம் சின்னது. தாடையில் ஷேவ் செய்யும்போது விட்டுப்போன நான்கு நரை முடிகள். பெட்டிமேல் சரிந்த மாலையைச் செங்கமலம் நேராக்கிக்கொண்டிருந்தாள். ஜெபகுமார் குனிந்தான்.

"அத்த... நேத்து நான் ஏரிக்கரைக்குப் போவவே இல்ல. நேத்தும் ஓ.டி.ல மாட்டிக்கினேன். சத்தியமா நேத்து ரேஸ் வுடல, அத்த."

அவள் மாலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும் மாப்ள. ஏழு மணி வரிக்கும் அங்கியே நின்னுக்கினு இருந்தாராம். 'இன்னிக்கி மாப்ள வரல, ஜுரம் கிரமா இன்னான்னு பொண்ணுக்குப் போன் போட்டுக் கேளு'ன்னாரு. நான்தான் போடல."