அம்புக்குறி எந்தப் பக்கம்

ஐந்து மணிக்குள் அந்தக் கடிதம் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். "என் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்" என்று ஒரே வரிதான். அதை அடித்து முடிக்க அவளுக்குக் காலையிலிருந்து மதியம் வரை ஆனது. ஏழு வருட உழைப்பைத் தன் கையாலேயே குழிதோண்டிப் புதைப்பதென்றால் கை எப்படி வரும்?

பனிக்கட்டிக்கு வயது சொல்வது அவள் வேலை. வட துருவப் பக்கம் துளையிட்டு எடுத்த பனித்தண்டு ஒன்று, தென் துருவத்தில் எடுத்தது ஒன்று. இரண்டிலும் பழைய காலத்துக் காற்று குமிழ்குமிழாக அடைபட்டுக் கிடக்கிறது. மீத்தேன் வாயு கூடினால் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே சமயத்தில் கூடும். அந்த ஏற்றத்தை இரண்டு தண்டிலும் கண்டுபிடித்துவிட்டால், வடக்கில் நடந்ததையும் தெற்கில் நடந்ததையும் ஒரே நாட்காட்டியில் குறித்துவிடலாம். வடக்கு திடீரென்று சூடாகி இருநூறு வருடம் கழித்துத்தான் தெற்கு குளிர ஆரம்பித்தது என்று அவள் எழுதியது அப்படித்தான்.

போன வாரம் இன்னும் நெருக்கமாக அளக்கப் போனதில் வந்தது வினை. தென் துருவத் தண்டின் ஒரு மீட்டர் துண்டில் மீத்தேன் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அந்த ஆழத்தில் ஒரு மீட்டர் என்பது இருநூறு வருடம். இரண்டாவது ஏற்றம்தான் நிஜம் என்றால் அவள் சொன்ன இருநூறும் பூஜ்யம். இயந்திரத்தைச் சந்தேகப்பட்டாள், வாயுவைச் சந்தேகப்பட்டாள், தன் முடிவையே சந்தேகப்பட்டாள். தன் கையை மட்டும் சந்தேகப்படவில்லை. படித்தவர்களுக்கு அது கடைசியில்தான் தோன்றும்.

மூன்று மணிக்குக் குளிர் அறையிலிருந்து அறுவை வந்தான். பனியை ரம்பத்தில் அறுப்பதால் வந்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். அவன் ஜோக்குகளைக் கேட்டவர்கள் வேறு காரணம் சொல்வார்கள். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். டீயும் கையுமாகத் திரையை எட்டிப் பார்த்தான்.

"இந்தத் துண்டை நான் அறுக்கலையேக்கா."

"நீ அன்னிக்கு லீவு. நான்தான் அறுத்தேன்."

அவன் டீயைக் கீழே வைத்தான். "மேல் தோலைச் சீவினீங்களா?"

"சீவாம? வெளிக்காத்து பட்டதை அளக்க முடியுமா?"

"முதல்ல புது அம்பு போட்டுட்டு, அப்புறம்தானே பழசைச் சீவினீங்க?"

எந்தப் பக்கம் மேல் என்று காட்ட, துளையிட்ட இடத்திலேயே ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் அம்புக்குறி போட்டு அனுப்புவார்கள். தோலைச் சீவினால் அதுவும் போய்விடும். அதனால் அறுவை புது அம்பு போடாமல் சீவுளியைத் தொடவே மாட்டான். அன்றைக்கு அவளுக்கு விரல் மரத்துப்போயிருந்தது. சீவினாள், துண்டை மேசையில் வைத்தாள், பென்சிலைத் தேடிப் போனாள்.

"சீவிட்டுத்தான் போட்டேன்," என்றாள்.

"சரியாப் போச்சு."

குளிர் அறையில் மைனஸ் இருபது. அதே துண்டில் நீளவாக்கில் மிச்சம் வைத்த பாதி, பழைய அம்புக்குறியோடு பெட்டியில் பத்திரமாக இருந்தது. அவள் அளந்தது போக மிஞ்சிய பட்டையை அவன் அதன் பக்கத்தில் வைத்தான். பெட்டியில் இருந்ததன் அடிமுனை கோணலாக உடைந்திருந்தது. அவளுடைய பட்டையிலும் அதே கோணல் இருந்தது, ஆனால் அவள் போட்ட அம்பின்படி அது மேல்முனை. பட்டையைத் திருப்பி வைத்தான். அச்சாகப் பொருந்தியது.

அவள் அப்படியே காலிப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அவமானத்தில் இல்லை, அப்பாடா என்று வந்த அழுகை.

"இங்க அழாதீங்கக்கா. உறைஞ்சா அதையும் நான்தான் அறுக்கணும்."

அவன் ஜோக்குக்கு முதல் தடவையாக ஒருவர் சிரித்தார்.

மேலே வந்து அந்தத் துண்டின் எண்களை மட்டும் தலைகீழாக அடுக்கினாள். ஒரே ஏற்றம், பழைய இடத்திலேயே. இருநூறு வருடமும் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்த இடத்தில் இருந்தது. கடிதத்தை அழித்துவிட்டு, துண்டைத் தலைகீழாக அளந்தது தான்தான் என்றும், புதிதாக அறுத்து மறுபடி அளக்கப்போவதாகவும் தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். நாள் முழுக்கக் கூப்பிடப் பயந்துகொண்டிருந்த மனிதர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"எல்லாம் சரியாயிடுச்சுங்க. தப்பு என்னோடதுதான்," என்றாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் கேட்டிராத வாக்கியம் அது.

"யாருங்க பேசுறது?" என்றார்.