சாண்டா ரோசா தீவுக்கு ஜோடிப் பட்டியல்

செப்டம்பர் பயணத்துக்கு ஏற்பாட்டாளரையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். கடலடியிலிருந்து கொடி கொடியாக உயரும் கெல்ப் பாசிக் காட்டுக்குள் யாரும் ஜோடி இல்லாமல் இறங்கக் கூடாது என்பது முக்குளிப்புச் சங்கத்தின் விதி. ஒற்றைப்படையாக வந்தால் பயண ஏற்பாட்டாளர் படகிலேயே இருந்துகொள்ள வேண்டும் என்பது இன்னொரு விதி. இரண்டையும் எழுதியவள் ஆர்டித். பதினோரு வருடமாக அவள்தான் பயண ஏற்பாட்டாளர்.

பதின்மூன்றாவது பெயர் கொரின். லோவெலின் புது மனைவி. லோவெல் ஆர்டித்தின் பழைய கணவன்.

விவாகரத்தாகி நான்கு வருடம். வீட்டை விற்றுப் பிரித்துக்கொண்டார்கள். நாயை அவன் எடுத்துக்கொண்டான். தண்ணீருக்கு அடியில் மட்டும் எதையும் பிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவன்தான் அவளுடைய முக்குளிப்பு ஜோடி. வக்கீல்கள் அதைப்பற்றிக் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை வென்ச்சுரா துறைமுகத்துப் பீட்சா கடையில் சங்கக் கூட்டம்.

"கொரினை யார்கூடப் போடப்போறே?" என்றான் லோவெல்.

"அவ உன் பொண்டாட்டி."

"நீ என் ஜோடி." பீட்சாவிலிருந்து ஆலிவைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தான். "நான் ஒண்ணும் சொல்லல. பட்டியல் உன்னோடது."

பக்கத்து மேசையில் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்கள்.

பதினான்காவது ஆள் கிடைத்தால் பிரச்சினை இல்லை. ஆர்டித் மறுநாள் போனை எடுத்தாள். ஒருவருக்குக் காதில் சீழ். ஒருவருக்கு மகள் கல்யாணம். ஒருவர் முக்குளிப்புச் சாமான் எல்லாவற்றையும் விற்றுவிட்டு சைக்கிள் வாங்கியிருந்தார். நான்காவது ஆள் மார்ச்சிலேயே இறந்துபோயிருந்தார். "இருந்திருந்தா வந்திருப்பார்," என்றாள் அவர் மனைவி.

ஐந்தாவது, பேக்கர்ஸ்ஃபீல்டில் டிராக்டர் விற்கும் டெல்பர்ட். ஹவாயில் வெந்நீர் மாதிரியான கடலில் மட்டும் முங்கியவர். உடனே சரி என்றார்.

டெல்பர்ட்டுக்குக் கொரின், தனக்கு லோவெல் என்று பட்டியலை அடித்து அச்செடுத்தாள். அதற்கப்புறம்தான் ஆறாவது விதி ஞாபகம் வந்தது. கெல்ப் காட்டுக்குப் புதியவர்கள் இரண்டு பேரை ஒன்றாகப் போடக் கூடாது. டெல்பர்ட்டும் புதியவர், கொரினும் புதியவள். அதையும் அவள்தான் எழுதியிருந்தாள். நாலைந்து விதமாகப் படித்துப் பார்த்தாள். தெளிவாகத்தான் எழுதியிருந்தாள்.

லோவெலை யாருக்காவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டுமென்றால், டெல்பர்ட்டுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று தோன்றியது. கொரினின் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் அடித்தாள்.

சனிக்கிழமை காலை காற்று இல்லை. சாண்டா ரோசாவின் தென்புறத்தில் கேப்டன் டவாரெஸ் நங்கூரம் போட்டார். கொரின் நீச்சல் குளத்தில் வயதானவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். அவசரப்படாத பெண்.

"கொடி மாட்டிக்கிட்டா சுத்தாதீங்க," என்றாள் ஆர்டித். "சுத்தினா நூல்கண்டு ஆயிடுவீங்க. அப்படியே நின்னு, மடிச்சு ஒடிங்க. பீன்ஸ் மாதிரி ஒடியும்."

"இழுத்தா?"

"இழுத்தா அதுதான் ஜெயிக்கும்."

இறங்கினார்கள். கொடிகள் தரையிலிருந்து மேற்பரப்புவரை நின்றன. வெயில் அவற்றின் நடுவே சாய்ந்து இறங்கியது. கொரினுக்கு ஒருமுறை காலில் மாட்டியது. நின்றாள், மடித்தாள், ஒடித்தாள்.

முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஆர்டித்தின் கட்டைவிரல் தானாக மேலே காட்டியது. ஏறலாம் என்று அர்த்தம். அந்த நேரத்தில்தான் லோவெலின் காற்று எப்போதும் தீரும். கொரின் தன் காற்று மீட்டரைத் திருப்பிக் காட்டினாள். பாதிக்கு மேல் இருந்தது. ஆர்டித் தன்னுடையதைப் பார்த்தாள். பாதி இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பாதியை அவள் மேலே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள். அதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தாள்.

விரலை மடக்கிக்கொண்டாள்.

முப்பத்தாறாவது நிமிடத்தில் காடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. முப்பத்தைந்தாவது நிமிடம் மாதிரியேதான் இருந்தது. ஆனாலும் போக மனமில்லை.

அவர்கள் ஏணியில் ஏறியபோது படகில் எல்லாரும் ஆர்டித்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டவாரெஸ் கையில் அட்டை இருந்தது. நங்கூரம் தூக்கும் முன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அவரவர் வாயால் பதில் சொல்ல வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக் கூடாது.

"ஆர்டித், நீ அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியே படகுக்கு வந்துட்டே," என்றார் அவர்.

"இல்லையே."

"பேரைக் கூப்பிட்டேன். 'இருக்கேன்'னு ஒரு ஆம்பளக் குரல் வந்துச்சு. அடுத்து கொரின். பதிலே இல்ல. அதனாலதான் படகு இன்னும் இங்க நிக்குது."

லோவெல் துண்டைப் போர்த்திக்கொண்டு சூப்பைப் பார்த்தபடி இருந்தான்.

"நான் மேல வந்துட்டேன். நான் வந்தா ஆர்டித்தும் வந்திருப்பா. இத்தனை வருஷமா அப்படித்தான். வாயில தானா வந்துடுச்சு, கேப்டன்."

"உன் பொண்டாட்டி பேருக்கு ஏன் வரல?"

"அவ கீழ இருக்கான்னு எனக்குத் தெரியுமே."

கொரின் தலையுறையைக் கழற்றினாள். "யார்கூட இருக்கேன்னு நினைச்சே?"

லோவெல் துண்டை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

அடுத்தவருக்குப் பதில் சொன்னவன் அன்று முழுக்க இறங்கக் கூடாது. டவாரெஸ் அட்டையில் அவன் பெயர்மேல் கோடு போட்டார். ஜோடி இல்லாமல் போன டெல்பர்ட், குளிரில் உதடு நீலமாக, தனக்கும் சூப் போதும் என்றார். மற்றவர்கள் இன்னும் இரண்டு முறை முங்கினார்கள். ஆர்டித்தும் கொரினும் இரண்டு முறையும் கடைசியாக ஏறினார்கள்.

அக்டோபர் பட்டியல் போன அன்று லோவெல் போனில் கூப்பிட்டான்.

"முதல் வரியைத் தப்பா அடிச்சிருக்கே. உன் பேருக்குப் பக்கத்துல கொரின் பேர் இருக்கு."

"தப்பு இல்ல."

"அப்ப நான்?"

"டெல்பர்ட் மறுபடி பேர் குடுத்திருக்கார். கனமான உடுப்பு வாங்கிட்டாராம். உன்னை மாதிரியே வேகமா மூச்சு விடறார். ஒண்ணா மேல வந்துடுவீங்க."

அந்தப் பக்கம் நாய் குரைத்தது. அவன் அதை அதட்டினான்.

"அன்னிக்கு எவ்வளவு நேரம் கீழ இருந்தீங்க?"

"அம்பத்தெட்டு நிமிஷம்."

"அவ்வளவு நேரம் பாக்கறதுக்கு அங்க என்ன இருக்கு?"

ஆர்டித் யோசித்துப் பார்த்தாள்.

"பாசிதான்," என்றாள்.