எட்டு ஜன்னல்களில் மஞ்சள்

பத்மாவதி என்ன செய்கிறாள் என்று கங்காதர நெல்லூரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல இன்னாவோ பண்ணிக்கினு கீறா" என்று அவள் அம்மா ஜெயம்மா பால் ஊற்றும் இடத்தில் சொல்வாள். அதற்கு மேல் கேட்டால், "வில்லோன்னு ஒண்ணு கீதாம், அதுக்கு எட்டு செய்றாளாம்" என்பாள். எட்டு என்றால் எட்டு என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.

வில்லோ என்பது ஒரு டெஸ்க்டாப். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் வந்து நிற்கிற முகப்பு. எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து செய்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பாலிடெக்னிக் முடித்த பிறகு பத்மாவதி சித்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக் கொடுத்தாள். அங்கே இருந்த மெஷின்களிலெல்லாம் வில்லோதான்.

அதில் ஒரு பெரிய தொல்லை. உள்ளே இருந்த செயலிகள் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்கள் செய்தவை. கடிதம் எழுதுகிற செயலியில் சேமிக்கும் பொத்தான் மேலே இருக்கும். கணக்குப் போடுகிறதில் கீழே. படம் பார்க்கிறதில் பொத்தானே கிடையாது, மெனுவுக்குள் போய்த் தேட வேண்டும். ஒன்றைப் பழகிக்கொண்ட பெண்கள் அடுத்ததைத் திறந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். "மேடம், இது வேற மாதிரி கீது" என்பதைத்தான் அவள் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் கேட்டுப் பார்த்துவிட்டு, கடிதம், கணக்கு, நாட்காட்டி, படம், பாட்டு, குறிப்பு, அஞ்சல், கடிகாரம் என்று எட்டையும் ஒரே மாதிரி தானே செய்துவிடலாம் என்று தொடங்கினாள். சென்டரை மூடிய பிறகும் அவள் அதை விடவில்லை.

தனியாகச் செய்யவில்லை. கூடப் படித்த யஸ்வந்த் திருப்பதியில் இருந்தான். காந்தி ரோட்டுக்குப் பின்னால் அவர்கள் குடும்பத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை. அவன் கைக்கு அழகு தெரியும். ஜன்னலின் ஓரம், நிறம், பொத்தான், எழுத்தின் அளவு எல்லாவற்றையும் ஒரே சட்டமாக அவன் வரைந்து கொடுத்தான். எட்டுச் செயலிகளும் அந்தச் சட்டத்திலிருந்துதான் பிறக்க வேண்டும், சட்டத்தில் ஒன்றை மாற்றினால் எட்டிலும் மாற வேண்டும் என்பது ஏற்பாடு. தாய்ச்சட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

வில்லோவை நடத்தும் குழுவுக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. ஒன்றிரண்டாக எடுத்துக்கொள்ள மாட்டோம், எட்டும் ஒரே குடும்பம் என்று தெரிந்தால் எட்டையும் அடுத்த வெளியீட்டில் சேர்ப்போம் என்றார்கள். சேர்த்தால் அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளமும் உண்டு. எந்த ஊரில் இருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் பத்மாவதி உயிரைக் கொடுத்து வேலை செய்தாள். அவள் அண்ணன் பவன்குமார் பெங்களூரில் இருந்தான். அவளுக்கும் அங்கே ஒரு கால் சென்டரில் வேலை பேசி, ஹாஸ்டலில் இடமும் சொல்லி வைத்திருந்தான். அவளோடு படித்த பெண்களில் பாதிப்பேர் அப்படிப் போனவர்கள்தான். போனில் பேசினால் பாதித் தூக்கத்தில் பேசுவார்கள். அவளுக்குப் போக மனமில்லை. அவள் நைனா முனிசாமி அதிகம் பேசுகிறவர் இல்லை. "பொங்கல் வரைக்கும் பாரும்மா. அதுக்குள்ள ஆவலன்னா அண்ணன்கூட கெளம்பிடு" என்று ஒரே முறை சொன்னார். வில்லோ வெளியீடும் பொங்கலை ஒட்டித்தான் இருந்தது.

மார்கழி கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கரண்ட் போவதற்குச் சற்று முன்பு இங்க்ரிடின் அஞ்சல் வந்தது. இங்க்ரிட் நார்வேக்காரி. எட்டையும் சோதித்துப் பார்த்து, சேர்க்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். முன்பே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். எட்டும் நிஜமாகவே ஒரே சட்டத்திலிருந்து வந்தவையா, அல்லது மேலே ஒரே சாயம் பூசியிருக்கிறீர்களா, முன்பு ஒரு குழு அப்படிச் செய்து எங்களை ஏமாற்றியது என்று. சட்டத்திலிருந்து வந்தவைதான் என்று பத்மாவதி எழுதியிருந்தாள்.

இந்தமுறை வந்தது வேறு. எட்டுச் செயலிகளிலும் ஜன்னலின் நான்கு மூலைகளிலும் மஞ்சளாக ஏதோ கறை தெரிகிறது. என் திரை கெட்டுவிட்டதோ என்று கேபிளை மாற்றிப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் போய் அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் இந்த வெளியீட்டில் சேர்க்க முடியாது, மன்னிக்கவும்.

பத்மாவதி எட்டையும் திறந்து பார்த்தாள். மூலையில் மஞ்சள் இருந்தது. நன்றாகவே இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது. யஸ்வந்த் சட்டத்தை அனுப்பியபோது அவள் அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்தும், அது ஒரு பொருளாகவே அவள் கண்ணில் படவில்லை. புதுத்துணி, புதுப்பை, புது சைக்கிள், டேட்டா கார்டு வந்த பெட்டி, எதுவானாலும் அவள் வீட்டில் மூலையில் மஞ்சள் வைக்காமல் எடுத்ததில்லை. சோதித்துப் பார்க்கக் கொடுத்தவர்களும் சென்டர் பெண்கள், யஸ்வந்த் கடைக்கு வருகிறவர்கள், சித்தூர் சித்தி தாட்சாயணி. ஒருவர்கூட, இது என்ன மஞ்சள் என்று கேட்கவில்லை.

யஸ்வந்துக்குப் போன் செய்தாள்.

"சட்டத்துல மஞ்சள் நீ வெச்சியா?"

"இன்னா மஞ்சள்?"

"நாலு மூலைலயும்."

"ஓ, அதுவா. வெச்சேன். புச்சா செஞ்சது இல்லியா?"

"அந்தம்மா டிவி கெட்டுப்போச்சின்னு பக்கத்து ஊட்டுக்கு ஓடியிருக்கா, யஸ்வந்து."

அந்தப் பக்கம் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னாள். சிரிப்பு நின்றது. அதற்குள் கரண்ட் போயிற்று. ஊரில் உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் வரை ஒன்றும் நடக்காது. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கடி போற?" என்றாள் ஜெயம்மா.

"திருப்பதிக்கு. அவங்களுக்கு மஞ்சள் வாணாமாம். எடுக்கணும்."

"பண்டிகை நேரத்துல மஞ்சளத் தொடைக்கப் போறியா? எவ அவ சொன்னவ?"

"நார்வேல ஒருத்தி."

"அவளுக்கு இன்னா தெரியும், பாவம்" என்று சொல்லிவிட்டு ஜெயம்மா டப்பாவில் எலுமிச்சை சாதத்தைப் போட்டுக் கொடுத்தாள். "பஸ்ஸுல துன்னாத. போய் துன்னு."

சித்தூரில் பஸ் மாறி, புத்தலப்பட்டு தாண்டும்போது பத்மாவதிக்கு மனம் கொஞ்சம் லேசாகிவிட்டது. மஞ்சள் சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தில் ஒரு வரியை எடுத்தால் எட்டிலும் போய்விடும். ஒரு வரி வேலைக்கு வெள்ளிக்கிழமை வரை எதற்கு?

கடையில் தை முகூர்த்தப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. யஸ்வந்த் ஒரு மூலையில் அவளுக்கு மேசையை ஒழித்து வைத்திருந்தான். ஆனால் வரியை எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"வாணாம்னு சொல்லல. ஆனா நம்ம கடையிலேர்ந்து மஞ்சள் இல்லாம ஒண்ணுகூட வெளிய போனதில்ல பத்மா. கை வரல."

பத்திரிகை வாங்க வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்தார். "யாருக்குப்பா மஞ்சள் இல்லாம குடுக்கறீங்க?"

"உங்களுக்கு இல்ல மாமா. நார்வேக்கு."

"அங்க யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல மாமா, கம்ப்யூட்டர்."

பெரியவர் அதை யோசித்தார். "கார்டுல மஞ்சள் நீங்களா வெக்கறீங்க? அச்சடிச்சுக் குடுக்கறீங்க, நாங்க ஊட்டுக்குப் போயி வெக்கறோம். யார் ஊட்டுக் கல்யாணமோ அவங்க வெக்கறது அது. நீங்க வெச்சாதான் தப்பு."

யஸ்வந்த் தலையைச் சொறிந்துகொண்டான். "அது கரெக்டுதான். நம்ம கடைல சாம்பிளுக்குத்தான் வெக்கறது."

"அப்ப எடு" என்றாள் பத்மாவதி.

வரியை எடுத்தான். கடிதத்தைத் திறந்தார்கள், மஞ்சள் இல்லை. கணக்கில் இல்லை. படம், பாட்டு, குறிப்பு, அஞ்சல், கடிகாரம் எல்லாம் சுத்தமாக இருந்தன. நாட்காட்டியைத் திறந்தார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் அப்படியே இருந்தது.

"இது எப்டி?" என்றான் யஸ்வந்த்.

அப்போதுதான் பத்மாவதிக்கு நினைவு வந்தது. நாட்காட்டிதான் அவள் முதலில் எழுதியது, தாய்ச்சட்டம் என்ற ஒன்று வருவதற்கு முன்பே. வருடா வருடம் புது காலண்டர் வந்தால் ஜெயம்மா அதன் மூலையில் மஞ்சள் வைத்துத்தான் சுவரில் மாட்டுவாள். அதைப் பார்த்து வளர்ந்தவள் தன் நாட்காட்டிக்கும் வைத்திருக்கிறாள். யஸ்வந்தின் சட்டம் வந்ததும் மற்ற ஏழையும் அதிலிருந்து செய்தாள். நாட்காட்டியை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று, நிறத்தையும் பொத்தானையும் அளவு பார்த்துச் சட்டத்தைப் போலவே சரிசெய்து வைத்தாள். அந்தப் பிறகு வரவே இல்லை. ஏழு நிற்கிற இடத்தில் அதுவும் நின்றது, அச்சு அசலாக. அவளுக்கே மறந்துவிட்டது.

"நீயும் மஞ்சள் வெச்சியா?" என்று யஸ்வந்த் சிரிக்க ஆரம்பித்தான். அவள் சிரிக்கவில்லை.

"இது சட்டத்துல பொறக்கல, யஸ்வந்து. சாயம்தான். அந்தம்மா கேட்டுச்சி இல்ல, அதேதான்."

அவனுக்கும் புரிந்தது. "மஞ்சள இங்கயும் தனியா எடுத்துட்டா ஒண்ணும் தெரியாது" என்றான், மெதுவாக.

"இப்ப தெரியாது. நாளைக்கு எழுத்த பெருசு பண்ணா ஏழு பெருசாவும், இது ஆவாது. அப்ப அந்தப் பொண்ணுங்க மறுபடியும் 'மேடம், இது வேற மாதிரி கீது'ன்னு உக்காந்துக்கும்."

"வெள்ளிக்கெழம?"

"செய்யணும்."

அவ்வளவுதான் பேச்சு. இங்க்ரிடுக்கு இரண்டு வரி எழுதினாள். அந்த மஞ்சள் கறை அல்ல, எங்கள் ஊரில் புதிதாகச் செய்ததற்கு வைப்பது, எடுத்துவிடுகிறோம். ஆனால் அதை எடுக்கும்போது நாட்காட்டி சட்டத்தில் சேரவில்லை என்று தெரிந்தது, உங்கள் கேள்விக்கு நான் சொன்ன பதில் அந்த ஒன்றில் தவறு, புதிதாகச் செய்து அனுப்புகிறேன். எழுதியதை யஸ்வந்த் படித்துப் பார்த்தான். "இத சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, அவனே அனுப்பும் பொத்தானை அழுத்தினான்.

அன்று கடை மூடும்போது போய், அடுத்த இரண்டு நாளும் காலையில் முதல் பஸ்ஸில் வந்தாள். நாட்காட்டியின் நாள், மாதம், நினைவூட்டல் எல்லாவற்றையும் பழைய கூட்டிலிருந்து கழற்றி, தாய்ச்சட்டத்தில் ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். வேலை பெரிதாக இல்லை, நுணுக்கமாக இருந்தது. ஒரு மாதத்துக்குப் போனால் அடுத்த மாதம் காணாமல் போகும், அதைப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் அச்சு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பசை வாசனையும் மைவாசனையும் கலந்து வந்தன. பத்திரிகைக்கு வந்தவர்கள் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நல்ல நாளு பாக்கறியாம்மா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டாள். அந்த நாட்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. பயம் இருந்தது, ஆனால் கை செய்கிற வேலை சரியான வேலை என்று கைக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் முடிந்தது. யஸ்வந்த் சோதித்துப் பார்க்கச் சட்டத்தில் ஓரத்தைச் சிவப்பாக்கினான். எட்டு ஜன்னல்களும் ஒன்றாகச் சிவந்தன. பச்சையாக்கினான், எட்டும் பச்சையாயின. கொஞ்ச நேரம் இருவரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள், காரணமில்லாமல். பிறகு பழைய நிறத்துக்குக் கொண்டுவந்து, அனுப்பினார்கள்.

"டீ சொல்றேன்" என்றான்.

"சோறு சொல்லு" என்றாள்.

வெள்ளிக்கிழமை இங்க்ரிடிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அன்று அவள் வீட்டில்தான் இருந்தாள். டேட்டா கார்டின் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பவன்குமார் போன் செய்து, பொங்கலுக்கு வருவதாகச் சொல்லி, திரும்பும்போது அவளுக்கும் சேர்த்து டிக்கெட் போடவா என்று கேட்டான்.

"நாளைக்கு சொல்றேண்ணா."

"நாளைக்கு நாளைக்குன்னு எவ்ளோ நாளு? ஹாஸ்டல்காரன் என் உயிர வாங்கறான்."

"ஒரே நாளு. சத்தியமா."

சனிக்கிழமை காலையில் அஞ்சல் வந்திருந்தது. நீண்டதாக இருந்ததால் முதலில் பயந்தாள். இங்க்ரிட் தானும் சட்டத்தில் ஒரு நிறத்தை மாற்றிப் பார்த்திருந்தாள். எட்டும் மாறின என்று எழுதியிருந்தாள். நாட்காட்டியைப் பற்றி நீங்களே சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது, அதனால்தான் குழுவில் மற்றவர்களிடம் உங்கள் பெயரைச் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. எட்டும் வெளியீட்டில் சேர்ந்துவிட்டன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு உங்களைத்தான் கேட்கிறோம், அடுத்த மாதம் முதல் தொடங்க முடியுமா?

பத்மாவதி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு யஸ்வந்துக்குப் போன் செய்தாள். அவன் சரி, சரி என்பதையே தெலுங்கில் "சரேலே, சரேலே" என்று திரும்பத் திரும்பச் சொன்னான், வேறு வார்த்தை கிடைக்காமல். அவன் குரலுக்குப் பின்னால் அச்சு மெஷின் ஓடுவது கேட்டது. அடுத்தது அண்ணன்.

"ஹாஸ்டல்ல வாணாம்னு சொல்லிடுண்ணா."

பவன்குமார் எதிர்பார்க்கவில்லை. "நெஜமாவா? எங்க ஆபீசு?"

"இங்கதான்."

"சித்தூர்லயா?"

"ஊட்லண்ணா. மாட்டுக் கொட்டாய் பக்கத்துல கீற ரூம்ல."

அவன் பலமாகச் சிரித்தான். "என்னிய விட நல்ல ஏரியாதான். டிராஃபிக் கெடையாது" என்றான். அவன் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது.

முனிசாமி வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார். "இங்கயே இருந்துக்கினு சம்பளம் வருமா?"

"வரும் நைனா."

"நல்லது" என்றார். கொஞ்சதூரம் போய்விட்டு, ஏதோ மறந்தவர்போல் திரும்பி வந்து, அவள் தலையில் கைவைத்துவிட்டுப் போனார்.

ஜெயம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நீ எங்கயும் போவல" என்றாள்.

"போவல."

"தெனமும் ஊட்லதான் இருப்ப."

"ஆமாம்மா."

"அப்டின்னா ஒண்ணு செய். கயினிக்கு கரண்ட் வந்துடுச்சி போல கீது. போயி மோட்டாரப் போட்டுட்டு வா. உங்க நைனாவும் போயிட்டாரு, நான் எத்தன வேலதான் பாக்கறது."

"எனக்கு இப்ப ஆபீசு கீதும்மா."

"அடுத்த மாசம்தான ஆபீசு. இப்ப போ."

பத்மாவதி லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள். கரும்பு வெட்டிப்போட்ட நிலத்தில் பனி இன்னும் விலகவில்லை. மோட்டார் கொட்டகையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் எவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரியாததால் அவள் கொஞ்சம் வேகமாகவே நடந்தாள்.