ஆறடிச் சாம்பவியும் ஒரு பொன்னாடையும்

1.

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. புலம்பெயர்ந்த தமிழர் வாழும் கிளென் வேவர்லிப் புறநகரில் ஒரு பிறந்தநாள் விருந்தில், கொத்துரொட்டிக்கு வரிசையில் நின்றபோது கிடைத்தது. எனக்கு முன்னால் நின்றவர் ஒரு முடிவு சொன்னார். பின்னால் நின்றவர், "விசர்க் கதை, அப்பிடி நடக்கேல்லை" என்று வேறொன்று சொன்னார். மற்றதெல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். ரொட்டி வந்ததும் இருவரும் கதையை விட்டுவிட்டார்கள். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 2004ஆம் ஆண்டு, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்

அடித்துவிட்டேன். மண்டபத்துக்குள் நடந்த கதைக்கு மழை எதற்கு? பிறகு: பந்து வளையத்தின் விளிம்பில் தயங்கி

இதுவும் வேண்டாம். எனக்குக் கூடைப்பந்து தெரியாது. நேரே சொல்லிவிடுகிறேன்.

2.

சாம்பவிக்குப் பதினெட்டு வயது, உயரம் ஆறடிக்கு மேல். நல்ல பள்ளிக்கூட எல்லைக்குள் வீடு வாங்கினால் பிள்ளை டொக்டராகும் என்று நம்பித்தான் அவளுடைய தகப்பன் அரியரத்தினம் தலைக்கு மேல் கடன்பட்டு அங்கே குடியேறினார். பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து மைதானத்தைக் கண்டுபிடித்தாள். அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவளை அழைத்தது. படிப்பு, அறை, சாப்பாடு எல்லாம் இலவசம். அவளுக்கு அதைத் தவிர வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை: அவள் அமெச்சூராக இருக்க வேண்டும். ஆட்டத்துக்காகக் குடும்பத்துக்கு வெளியே யாரிடமும் எதுவும் வாங்கக்கூடாது.

"ஒண்டுமே வாங்கக் கூடாதோ, பிள்ளை?"

"நத்திங், அப்பா. சாப்பாடு கூட டவுட் எண்டு கோச் சொன்னவர்."

"சாப்பிடாமல் போக விடுங்களோ எங்கட சனம்?"

(இந்த இடத்தில் ஒரு சிறு குறிப்பு. என் கதையிலுள்ள கல்லூரியின் அரங்கில் பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்கி உட்காருவார்கள். தொலைக்காட்சி பணம் தரும், சப்பாத்துக் கம்பனி பணம் தரும். பயிற்சியாளரின் சம்பளம் கல்லூரித் தலைவரின் சம்பளத்தைவிட அதிகம். இவர்கள் யாருடைய தூய்மையும் கெடாது. பந்தைக் கூடைக்குள் போடுகிறவள் ஓசியில் ஒரு தோசை தின்றால் கெட்டுவிடும். தூய்மை அப்படி மென்மையான பொருள்.)

(இன்னொன்று. இதைக் கேட்டுத் தமிழ் எழுத்தாளர்கள் சிரிக்கக்கூடாது. உலகத்திலேயே அப்பழுக்கற்ற அமெச்சூர்கள் நாங்கள்தான். என் அலுமாரி நிறையப் பொன்னாடைகள் இருக்கின்றன. ஒன்றையும் வங்கியில் போட முடியவில்லை.)

3.

தமிழர் ஒன்றியத் தலைவர் கேதீஸ்வரன் வருகிறார். (இந்த ஒன்றியத்தை நானே உருவாக்கினேன். நேற்றுத்தான் என்பதால் இன்னும் இரண்டாக உடையவில்லை.)

முதல் பிரதியில் அவரை வில்லனாக்கினேன். ஒன்றியத்தின் காசைத் தின்பவர், மைக்கைக் கண்டால் விடமாட்டாதவர். இரண்டாவது மட்டும்தான் உண்மை என்று பட்டது. புதிதாக வருகிற குடும்பம் எதுவானாலும் விமான நிலையத்தில் முதலில் நிற்பது அவர்தான். கூடைப்பந்தில் ஒன்றும் விளங்காமலே சாம்பவியின் ஆட்டங்களுக்குப் போய், எல்லாரும் கத்தும்போது கத்திவிட்டு வருவார். இப்படிப்பட்ட மனிதரை வெறுக்க எனக்கு வரவில்லை. அதனால்தான் கதை சிக்கலானது.

அவர் ஒன்றியத்தின் கலைவிழாவில் சாம்பவியைத் திடீரென்று மேடைக்குக் கூப்பிட்டார். "எங்கட வீராங்கனை!" என்றார். தன் சொந்தக் காசில் வாங்கிய தங்கச் சங்கிலியை எடுத்தார். கேதீஸ்வரன் ஐந்தடி மூன்று அங்குலம். பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினால் குனிய வேண்டும் என்று பழகிய பிள்ளை குனிந்தாள். சங்கிலி விழுந்தது. சபை கைதட்டியது. அவள் அழுதாள், மகிழ்ச்சியில் அழுகிறாள் என்று சபை இன்னும் பலமாகத் தட்டியது.

மறுநாள் அவளே கல்லூரிக்குச் சொன்னாள். அங்கே கூடிப் பேசினார்கள். சங்கிலியை ஏதாவது தர்மத்துக்குக் கொடுத்துவிட்டால் பழையபடி தூய்மையாகலாம், இன்னொரு தடவை எதையாவது வாங்கினால் இடம் இல்லை என்றார்கள்.

4.

"வழியில் இருந்த ஏதோ ஒரு உண்டியலில் போட்டிருக்கலாமே?" என்று கேட்கிறீர்கள். போட்டிருந்தால் கதை இங்கே முடிந்து நானும் நித்திரைக்குப் போயிருப்பேன். அரியரத்தினம் சம்மதிக்கவில்லை.

"எங்கட நகை எங்கட பிள்ளையளுக்குத்தான் போகவேணும்."

ஊரில் போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஒன்றியம் ஒரு நிதி நடத்தியது. சாம்பவிக்கும் அது பிடித்திருந்தது. தானே கேதீஸ்வரனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அங்கிள், ஸ்டேஜ் வேண்டாம். ப்ளீஸ்."

"சீச்சீ, ஒண்டுமில்லை, பிள்ளை. வந்து குடுத்திட்டுப் போங்கோ."

சொல்லும்போது அவர் மனதார அப்படித்தான் நினைத்தார். ஆனால் அவள் கொடுக்க வந்த அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மைக் வேலை செய்தது. சங்கிலியைக் கையில் வாங்கியதும் அவர் மைக்கைப் பிடித்தார்.

"குடுத்தவையைச் சும்மா அனுப்பிற பழக்கம் எங்களிட்டை இல்லை. அமெரிக்காவிலை விளையாடப்போற இந்தப் பிள்ளைக்கு..."

பொன்னாடையை விரித்தார். கமரா ஒளிர்ந்தது.

5.

முன்னால் நின்றவர் சொன்ன முடிவு: குனிந்தாள், இடம் போனது, இப்போது மற்ற ஆட்டக்காரர்களின் முழங்காலுக்கு மருந்து போடுகிறாள்.

பின்னால் நின்றவர் சொன்னது: குனியாமல் மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். அமெரிக்காவில் பெரும்பாலும் ஆட இறக்கப்படாமல் ஓரத்து வாங்கில்தான் இருந்தாள். பெற்றோரை அதன்பிறகு ஒருவரும் விழாவுக்கு அழைக்கவில்லை.

நான் யோசித்தது: திடீரென்று மின்சாரம்

வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.

6.

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். கேதீஸ்வரன் குதிக்காலை உயர்த்தி நிற்கிறார். பொன்னாடை அவளுடைய தோள் வரைக்கும் வந்துவிட்டது, தலையைத்தான் தாண்ட வேண்டும். சாம்பவி நிமிர்ந்து நிற்கிறாள்.

"குனி, பிள்ளை" என்கிறார் மெதுவாக.

சபை தட்டத் தொடங்கிவிட்டது. முன்வரிசையில் அரியரத்தினம் மட்டும் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. உங்களை அதில்தான் இருத்தியிருக்கிறேன்.

அவள் நல்ல பிள்ளை. கைதட்டல் இன்னும் கொஞ்சம் ஓங்கினால் குனிந்துவிடுவாள். உங்கள் கைகள் எங்கே இருக்கின்றன?